ஐம்பதுக்கு எத்தனை? பொன்னிற பியரும் அதைத் தீர்ப்பிட்டவர்களும்

1838ஆம் ஆண்டு பில்சென் நகரத்து மக்கள் 36 பீப்பாய் பியரை நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் கொண்டுவந்து தெருவில் கொட்டினார்கள். குடிக்க லாயக்கில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. விளக்கம் இல்லை, மதிப்பெண் இல்லை, மேல்முறையீடும் இல்லை. இன்றைய செக் நாட்டில் இருக்கும் அந்த ஊர்க்காரர்கள் கொட்டியதோடு நிற்கவில்லை. புதிதாக ஒரு பியர் ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசெப் குரோல் என்ற 29 வயது இளைஞரை அழைத்து வந்தார்கள். 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் காய்ச்சிய பியரை நவம்பர் மாதச் சந்தையில் ஊற்றிக் கொடுத்தபோது அதன் நிறம் தங்கம்போல் இருந்தது. இன்று உலகத்தில் விற்கும் பியரில் பெரும்பகுதி அந்தக் கோப்பையின் வாரிசு.

நான் மென்பொருள் ஆலோசகனாக வேலை பார்க்கிறேன். வருடத்தில் சில சனிக்கிழமைகள், நான் வாழும் கொலராடோவில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களின் போட்டிகளில் நடுவர் மேசையில் உட்காருகிறேன். சம்பளம் கிடையாது. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரிய மாமா இதைக் கேள்விப்பட்டு, “பியரைக் குடிச்சிட்டு மார்க் போடறதெல்லாம் ஒரு வேலையாடா?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. ஒரு பானத்தைச் சுவைத்து இது நன்று, இது குறை என்று சொல்லும் உரிமை யாருக்கு எப்போது எப்படி வந்தது என்பதில் தொடங்க வேண்டும். அதற்கு நான் எடுத்துக்கொள்வது நடுவர் மேசைக்கு வரும் பியர்களில் மிகச் சாதாரணமாகத் தோன்றும் ஒன்றை. அதன் பெயர் பிளாண்ட் ஏல்.

பியர் குடும்பம் இரண்டாகப் பிரியும். வெதுவெதுப்பில் நொதித்து, ஈஸ்ட் மேலே திரண்டு நிற்பது ஏல். குளிரில் மெதுவாக நொதித்து, ஈஸ்ட் அடியில் படிவது லாகர். குரோல் காய்ச்சியது லாகர். பிளாண்ட் ஏல் அதே தங்க நிறத்தை ஏல் முறையில் எட்டிப் பிடிப்பது. கசப்பு குறைவு, சாராயச் சத்து நடுத்தரம், மணம் மென்மை. பெயர் பிரெஞ்சுக்காரர்கள் பியரை நிறத்தால் பிரிக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. பிரெஞ்சில் பியர் என்ற சொல் பெண்பால், ஆகவே வெளிர்நிறத்தைக் குறிக்கும் அடைமொழியும் பெண்பாலாகி ‘பிளாண்ட்’ ஆயிற்று. இலக்கணத்தில் தோன்றிய இந்தப் பெண்ணைப் பிற்காலத்தில் சில ஆலைகள் புட்டியின் மேல் படமாகவே வரைந்து விற்றன. 2017இல் அமெரிக்க ஆலைகளின் சங்கம் அத்தகைய பெயரும் படமும் உள்ள பியர் பரிசு வென்றால் அந்தப் பரிசை விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது என்று விதி செய்தது.

*

பியருக்கு நடுவர் என்பது புதிய பதவி அல்ல. இங்கிலாந்தில் 13ஆம் நூற்றாண்டிலேயே ரொட்டிக்கும் ஏலுக்கும் விலையும் தரமும் நிர்ணயிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதை நடைமுறைப்படுத்த ஒவ்வொரு ஊரிலும் ஏல் சுவைப்பவர் என்று ஓர் அலுவலர். யாராவது புதிதாக ஏல் காய்ச்சினால் அவர் வந்து ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் விற்க வேண்டும். தரம் குறைந்தால் அபராதம். 1556இல் ஸ்ட்ராட்ஃபர்ட் நகரத்தில் இந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜான் ஷேக்ஸ்பியர், நாடகாசிரியரின் தந்தை. அந்நாளில் வீட்டு அடுப்பில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தீர்ப்புச் சொன்னவர்கள் ஆண்கள். காய்ச்சுவது ஒரு கை, தீர்ப்பிடுவது வேறொரு நாக்கு என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது.

அவர்கள் குடித்த ஏல் இன்றைய பொன்னிறத்தில் இருந்திருக்காது. பியருக்கு அடிப்படை மால்ட், அதாவது பார்லியை நனைத்து முளைகட்டி, முளை வளர்வதற்குள் வெப்பத்தில் உலர்த்திய தானியம். நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பது போலத்தான், ஆனால் ஐரோப்பிய வெயிலில் அது காயாது. விறகு எரித்துச் சூளையில்தான் உலர்த்த வேண்டும். விறகுத் தீயை அடக்கி ஆள்வது கடினம். தானியம் ஓரிடத்தில் கருகும், ஓரிடத்தில் ஈரமாக நிற்கும், எல்லாவற்றிலும் புகை ஏறும். வைக்கோல் எரித்து வெளிர்நிற மால்ட் செய்தவர்களும் உண்டு. ஆனால் பெருமளவு பியர் பழுப்பாகவும் புகைமணத்தோடும்தான் இருந்தது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் டார்பிஷயர் பகுதியில் கல்கரியைக் கொண்டு மால்ட் உலர்த்தத் தொடங்கினார்கள். நிலக்கரியை அப்படியே எரித்தால் கந்தக நெடி தானியத்தில் இறங்கிவிடும். அதையே காற்றில்லாமல் சுட்டு நெடியை விரட்டிவிட்டால் கல்கரி. சீரான, புகையற்ற வெப்பம். இரும்பு உருக்கும் தொழிலில் கல்கரி பெயர் வாங்குவதற்கு முன்பே பியர்க்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிர்நிற மால்ட்டைப் பெருமளவில் நம்பிக்கையோடு செய்ய முடிந்தது அதன் பிறகுதான். அது பழுப்பு மால்ட்டைவிட விலை கூடியது. வெளிர்நிற ஏல் வசதி படைத்தவர்களின் பானமாக இருந்தது, உழைப்பாளிகள் கறுப்பு போர்ட்டர் குடித்தார்கள்.

இந்தக் கணக்கைப் புரட்டிப் போட்டது ஒரு கண்ணாடிக் குழாயோ உலோக மிதவையோ போன்ற சிறிய கருவி. திரவத்தில் மிதக்கவிட்டால் அதில் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று சொல்லும் மானி. 1784இல் ஹல் நகரத்து ஜான் ரிச்சர்ட்சன் இதைப் பியர்த் தொழிலுக்கேற்பச் செம்மைப்படுத்தி அளவுகளோடு நூல் வெளியிட்டார். அளந்து பார்த்ததும் ஆலைக்காரர்கள் திடுக்கிட்டார்கள். மலிவு என்று வாங்கிய பழுப்பு மால்ட்டில் சத்து மிகக் குறைவு. கருகலில் சர்க்கரையில் ஒரு பகுதி போயிருந்தது. விலை கூடிய வெளிர் மால்ட்டுதான் கொடுத்த காசுக்கு அதிகம் தந்தது. கறுப்பு போர்ட்டர்கூட வெளிர் மால்ட்டில் காய்ச்சப்படலாயிற்று. 1817இல் டேனியல் வீலர் மால்ட்டைக் காப்பிக்கொட்டைபோல் உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும், நிறத்துக்கு அதில் ஒரு பிடி போட்டால் போதும் என்றானது. நாக்கு பல நூறு வருடங்களாகச் சொல்லாத ஒன்றை மானி ஒரே நாளில் சொல்லிவிட்டது. தரவைப் பார்க்கும்வரை எல்லாரும் வல்லுநர்கள் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். அது எங்களுக்கு முன்பே பியர்க்காரர்கள் கற்ற பாடம்.

1833இல் மியூனிக்கின் காப்ரியேல் செட்ல்மாயரும் வியன்னாவுக்கு அருகிலுள்ள ஷ்வெஷாட்டின் ஆண்டன் ட்ரேஹரும் பிரிட்டனுக்குப் போனார்கள். இருவரும் பியர் ஆலைக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆலைகளைச் சுற்றிப் பார்க்க அனுமதித்தவர்கள் தொழில் ரகசியத்தைச் சொல்லவில்லை. எனவே உள்ளே குழிவான ஓர் ஊன்றுகோலைச் செய்துகொண்டார்கள். நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டியில் கோலை நனைத்தால் நுனியிலுள்ள அடைப்பான் வழியாகத் திரவம் ஏறிக்கொள்ளும். விடுதிக்குத் திரும்பி மானியில் அளந்து குறித்துக்கொண்டார்கள். திருட்டுதான். அவர்கள் கொண்டுபோன அளவுகளும் ஆங்கிலேயர் மால்ட் உலர்த்தும் முறையும் மத்திய ஐரோப்பாவின் குளிர்நொதிப்போடு சேர்ந்தபோதுதான் தங்க நிற லாகருக்கு வழி பிறந்தது. பில்செனின் புதிய ஆலை ஆங்கில முறையில் உலர்த்திய மால்ட், உப்பு மிகக் குறைந்த மென்னீர், அருகிலுள்ள ஜாடெட்ஸ் பகுதியின் ஹாப்ஸ் மூன்றையும் ஒரே பானையில் சேர்த்தது.

இதற்கிடையே வெளிர்நிற ஏல் நம் பக்கமும் வந்துபோயிற்று. லண்டனின் கிழக்கே போ என்ற இடத்திலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையின் பியரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் ஏற்றிவந்தன. 1820களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் அந்த வணிகத்தில் நுழைந்தார். கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் குடித்துத் தீர்த்த பொருள் அது. அது நம் ஊர் நாக்கு அறிந்ததல்ல, இறக்கிவைத்த தோள்தான் நம்முடையது.

*

நிறம் முக்கியமாக வேண்டுமானால் அது கண்ணில் பட வேண்டும். பழைய குவளைகள் மண், மரம், தகரக் கலவை. அவற்றில் பியர் எந்த நிறமாக இருந்தால் என்ன? பிரிட்டனில் 1845இல் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் கண்ணாடிக் குவளை சாதாரணக் குடிப்பவர் கைக்கும் வந்தது. கலங்கலும் கசடும் வெளிச்சத்துக்கு வந்தன. தெளிவு ஒரு மதிப்பாயிற்று.

தெளிவை மதிப்பது நமக்கும் பழக்கமானதுதான். சங்க இலக்கியத்தில் கள், நறவு, மட்டு, தோப்பி, தேறல் என்று பல பெயர்கள் புழங்குகின்றன. தோப்பி நெல்லிலிருந்து வீட்டில் சமைத்தது. தேறல் என்பது தேறியது, அதாவது தெளிந்தது. கசடு அடியில் இறங்கிய பிறகு மேலே நிற்பதைக் குறிக்க ஒரு தனிச்சொல் வைத்திருந்தவர்கள் அதைக் கூர்ந்து பார்த்துக் குடித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். புலவர்களுக்கு அரசர்கள் கொடுத்ததில் அதுவும் உண்டு. அந்தக் கவனம் பிற்பாடு என்னவாயிற்று என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கிலாந்தில் ஜோசஃப் லவிபாண்ட் என்ற ஆலைக்காரர் பியரின் நிறத்தை வைத்து அதன் தரத்தை நிர்ணயிக்க ஒரு வழி தேடினார். ‘கொஞ்சம் வெளிர்’, ‘சற்றே கூடுதல் பழுப்பு’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தால் ஆலை நடத்த முடியாது. சாலிஸ்பரி தேவாலயத்து வண்ணக் கண்ணாடிகளைப் பார்த்தபோது அவருக்கு யோசனை வந்ததாகச் சொல்வார்கள். படிப்படியாக நிறம் ஏறும் கண்ணாடித் துண்டுகளை வரிசையாக வைத்துப் பியரோடு ஒப்பிடும் கருவியைச் செய்து 1885இல் நிறுவனம் தொடங்கினார். மால்ட்டின் நிறத்தை இன்றும் அவர் பெயரால் அளக்கிறோம். பியருக்கு இப்போது அமெரிக்காவில் ஒளிமானி அளவு. 430 நானோமீட்டர் அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஓர் எண். பிளாண்ட் ஏலுக்கு 3 முதல் 6 வரை. கறுப்பு ஸ்டவுட் 30ஐத் தாண்டும்.

கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் 1883இல் எமில் ஹான்சன் ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து அதிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். பியர் ஏன் சிலமுறை காரணமின்றிக் கெடுகிறது என்ற பழைய மர்மம் விலகியது. ஊடுருவும் காட்டு ஈஸ்ட்தான் காரணம். ஆலை அதிபர் யாகப்சன் அந்த ஈஸ்ட்டைப் பூட்டிவைக்காமல் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். டப்ளினில் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் வேறொரு சிக்கலை எடுத்துக்கொண்டார். மிகச் சில மாதிரிகளை மட்டும் சோதித்துவிட்டு எவ்வளவு உறுதியாக முடிவுசொல்லலாம்? 1908இல் அவர் எழுதிய கட்டுரைதான் இன்று புள்ளியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் டி-சோதனைக்கு மூலம். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்காததால் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். என் முதுகலைப் படிப்பில் அந்தச் சோதனையைப் பல நூறு முறை போட்டிருக்கிறேன். அது பியர் ஆலையில் பிறந்தது என்று எந்தப் பேராசிரியரும் சொல்லவில்லை.

*

வெளிர் லாகர் ஐரோப்பாவைப் பிடித்ததும் ஏல் காய்ச்சியவர்களுக்கு நெருக்கடி வந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 1603இலேயே அடிநொதிப்புப் பியருக்கு நகர மன்றம் தடை போட்டிருந்தது. அந்த ஊர் ஏல் ஊர். அவர்கள் கண்ட சமரசம், ஏல் ஈஸ்ட்டிலேயே வெளிர்நிறத்தில் காய்ச்சிக் குளிரில் வைத்துத் தெளியவைப்பது. அதுதான் கோல்ஷ். 1986இல் 24 ஆலைகள் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மேல்நொதிப்பு, வெளிர்நிறம், தெளிவு, ஹாப்ஸின் தன்மை, இத்தனையும் இருந்து, கொலோன் வட்டாரத்தில் காய்ச்சினால்தான் அந்தப் பெயர். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான குவளையில் ஊற்றுவார்கள். குவளைமேல் அட்டையை வைத்து மூடும்வரை பரிமாறுபவர் அடுத்ததைக் கொண்டுவந்துகொண்டே இருப்பார்.

அமெரிக்காவின் கதை வேறு. 1920இல் தொடங்கிய மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தபோது சிற்றாலைகளில் பெரும்பாலானவை அழிந்திருந்தன. மிஞ்சியவை ஒன்றையொன்று விழுங்கின. 1970களின் இறுதியில் அத்தனை பெரிய நாட்டில் நூறு ஆலைகூட இல்லை. எல்லாம் ஏறத்தாழ ஒரே வெளிர் லாகரைக் காய்ச்சின. மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் திராட்சை மது செய்ய அனுமதித்த சட்டம் பியரை விட்டுவிட்டது. 45 வருடங்கள் வீட்டில் பியர் காய்ச்சுவது குற்றமாகவே நீடித்தது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டுத்தான் அது மாறியது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, கடற்படையில் இருந்தபோது ஸ்காட்லாந்தில் ஏல் குடித்துப் பழகிய ஜாக் மெக்காலிஃப், கலிஃபோர்னியாவின் சொனோமாவில் நியூ ஆல்பியன் என்ற சிற்றாலையைத் தொடங்கினார். பழைய பால்பண்ணைத் தொட்டிகளைக் கொண்டு ஓட்டினார். 1982இல் மூட வேண்டிவந்தது. ஆனால் அதைப் பார்த்துத் தொடங்கியவர்களுக்குக் கணக்கில்லை. இன்று இந்த நாட்டில் 9,000க்கும் மேற்பட்ட ஆலைகள் இருக்கின்றன.

புதிய சிற்றாலைகளுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் இருந்தது. கதவைத் திறந்து வருகிற வாடிக்கையாளர் வாழ்நாள் முழுவதும் வெளிர் லாகர் குடித்தவர். கசப்பான ஏலைக் கொடுத்தால் முகம் சுளிப்பார். லாகர் காய்ச்சலாம் என்றால் அது வாரக்கணக்கில் குளிர்தொட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஆலையிடம் இருப்பதோ நான்கைந்து தொட்டி. எனவே லாகர்போல் தோன்றும், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் முடியும் ஓர் ஏலைக் காய்ச்சினார்கள். பலகையில் முதல் பெயராக எழுதினார்கள். அமெரிக்க பிளாண்ட் ஏல் அப்படிப் பிறந்தது. அதைப் பெரிய மனிதர்களின் மேதைமை உருவாக்கவில்லை, தொட்டிக் கணக்கும் வாடிக்கையாளர் தயக்கமும் உருவாக்கின. பெல்ஜியத்திலும் பிளாண்ட் உண்டு. அது 6 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்தும் ஈஸ்ட்டின் காரமணமும் கொண்ட வேறு பிறவி.

இப்படிப் பெருகியதை வகைப்படுத்த ஒருவர் வேண்டியிருந்தது. யார்க்‌ஷயரைச் சேர்ந்த பத்திரிகையாளர் மைக்கேல் ஜாக்சன், 1977இல் உலகப் பியர்களைப் பற்றி வெளியிட்ட நூலில் ஒவ்வொன்றையும் ஊரோடும் மரபோடும் சேர்த்து வகை பிரித்தார். இலங்கையின் லயன் ஸ்டவுட்டை மேற்குலகுக்கு எடுத்துச்சொன்னவர்களில் முக்கியமானவரும் அவரே. 1978இல் கொலராடோவின் போல்டர் நகரத்தில் வீட்டுப் பியர்க்காரர்களின் சங்கம் தொடங்கியது. 1985இல் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் திட்டம் வந்தது. ஜாக்சன் எழுதிய வருணனைகள் மெல்ல விதிகளாயின. இலக்கியத்தைப் பார்த்துத்தான் இலக்கணம் என்பது நம் மரபு. இங்கேயும் அதுதான் நடந்தது. ஆனால் இலக்கணம் எழுதியானதும் அது இலக்கியத்தைக் கேள்வி கேட்கத் தொடங்குமே, அதுவும் நடந்தது.

*

நடுவர் மேசை எப்படி இயங்குகிறது என்று சொல்கிறேன். புட்டியில் பெயர்ச்சீட்டு இருக்காது, எண் மட்டும். உதவியாளர் கொண்டுவந்து வைப்பார். இரண்டு நடுவர்களாவது இருப்போம். ஊற்றியதும் முதலில் மூக்கு. ஆவியாகிப் போகும் வாசனை காத்திருக்காது. பிறகு கண், பிறகு நாக்கு. இருவரும் எழுதி முடிக்கும்வரை பேசக்கூடாது, முகத்தைக்கூடச் சுளிக்கக்கூடாது. மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் நிற்கும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. ஐரோப்பா ஒரு நூற்றாண்டு துரத்திய நிறத்துக்கும் தெளிவுக்கும் நுரைக்கும் சேர்த்து மூன்றே மூன்றுதான். பிறகு எண்களை ஒப்பிடுவோம். பெரிய வித்தியாசம் இருந்தால் மீண்டும் சுவைத்துப் பேசி நெருங்கிவர வேண்டும்.

2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி பிளாண்ட் ஏலுக்குச் சாராயச் சத்து 3.8 முதல் 5.5 சதவீதம், கசப்பு அளவு 15 முதல் 28. இவை எளிய எண்கள். ஆனால் நடுவர்கள் மேசையில் இந்த வகை வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். காரணம் இதில் மறைந்துகொள்ள இடமில்லை. கறுப்பு ஸ்டவுட்டில் வறுத்த மால்ட் பல குற்றங்களை மூடிவிடும். கசப்பு மிகுந்த ஐபிஏயில் ஹாப்ஸ் மூடிவிடும். பிளாண்ட் ஏல் ரசம் வைப்பது மாதிரி. புளி கொஞ்சம் தூக்கினாலும் தெரிந்துவிடும்.

முக்கியமான குற்றங்களைச் சொல்கிறேன். வெந்த மக்காச்சோள வாடை. இதைத் தருவது டைமெத்தில் சல்ஃபைடு என்ற பொருள். மென்மையாக உலர்த்திய வெளிர் மால்ட்டில் இதன் மூலப்பொருள் தங்கியிருக்கும். கறுக்க வறுத்ததில் அது வெப்பத்தில் போய்விடும். ஆகவே வெளிர் பியரைத் திறந்த பானையில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். மூடிவைத்தால் ஆவி திரும்ப உள்ளேயே சொட்டும். அடுத்தது வெண்ணெய் வாடை. ஈஸ்ட் தன் வேலையினூடே டையசெட்டைல் உண்டாக்கும். பிறகு தானே அதை எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் எடுத்துக்கொள்ள நேரமிருக்காது. பத்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்குத் தெரியும். சிலருக்கு எவ்வளவு இருந்தாலும் தெரியாது. ஒரு மேசைக்கு ஒரே நடுவர் போதாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். பச்சை ஆப்பிள் வாடை வந்தால் நொதிப்பு முடியவில்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. வெளிச்சம் பட்ட ஹாப்ஸ் தரும் வாடைக்கு இங்கே ஸ்கங்க் என்ற விலங்கின் பெயரைச் சொல்வார்கள். நம் ஊர்க் காட்டில் இல்லாத விலங்கு. கொலராடோ சாலையில் ஒருமுறை அடிபட்டுக் கிடந்ததைக் கடந்துபோன பிறகுதான் எனக்கு அந்தச் சொல் கைவந்தது. மாறாக, துவர்ப்பு என்பதை விளக்க இங்குள்ளவர்கள் தேயிலைப் பை, திராட்சைத் தோல் என்று சுற்றிவளைப்பார்கள். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு என்று வாழைப்பூவும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுசுவை என்று எண்ணிவைத்த மொழி இந்த மேசைக்கு வெறுங்கையோடு வரவில்லை.

சென்ற ஆண்டு என் அக்கா மகன் போட்டிக்கு ஒரு பிளாண்ட் ஏல் அனுப்பினான். இங்கே பிறந்தவன், 24 வயது. நான் வேறு மேசையில் இருந்தேன். 27 மதிப்பெண் கிடைத்தது. படிவத்தைப் பார்த்துவிட்டு அலைபேசியில் கூப்பிட்டான். “மாமா, ஃபிஃப்டிக்கு ட்வென்டி செவன்னா ஃபெயிலா?” குரல் இறங்கியிருந்தது. எங்கள் வீடுகளில் மதிப்பெண் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியும். அது பரீட்சைத் தாளுக்குப் போட்டதல்ல, பிள்ளைக்குப் போட்டது. உறவினர் முன்னால் வாசிக்கப்படுவது. படிவத்தை எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். சோள வாடை லேசாக இருக்கிறது, கொதிக்கும்போது மூடியைத் திறந்துவை, கொதித்ததும் விரைவில் குளிரவை, நிறமும் நுரையும் அருமை, மீண்டும் காய்ச்சி அனுப்பு. அவ்வளவுதான். அந்தத் தாளில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முகம் தெரியாத இருவர் தங்கள் சனிக்கிழமையில் கால் மணி நேரம் செலவழித்து, அவன் செய்த பொருளை மட்டும் பார்த்து எழுதியிருந்தார்கள். “ஆமால்ல, நான் மூடியைப் போட்டுட்டுத்தான் வேக வெச்சேன்” என்றான்.

*

இந்த இடத்தில்தான் தேறல் என்னவாயிற்று என்ற கேள்வி வருகிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் எச்சரிக்கை வீண் அல்ல. குடியால் அழிந்த குடும்பம் ஒன்றாவது தெரியாத தமிழர் நம்மில் இல்லை. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதற்குப் பின்னால் அந்தக் கண்ணீர் இருந்தது. ஆனால் காலப்போக்கில் நாம் குடிப்பவரைத் தீர்ப்பிடக் கற்றுக்கொண்டோம். இறக்குபவரைப் பிறப்பால் தீர்ப்பிட்டுத் திண்ணைக்கு வெளியே நிறுத்தினோம். பானத்தைத் தீர்ப்பிடும் சொற்களை மட்டும் கைவிட்டோம். குடி என்ற சொல் ஒரு செயலைக் குறிப்பதை விட்டு ஒரு பழியைக் குறிக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மற்ற மதுவகைகளை அரசு நிறுவனமே கடை வைத்துச் சில்லறையில் விற்கிறது. அங்கே வாங்குபவர் கேட்பது விலையும் போதையும். புலம்பெயர்ந்த நம் விருந்துகளிலோ ஸ்காட்ச் புட்டியின் சீட்டும் வயதும்தான் பேச்சு. சீட்டைக் கிழித்துவிட்டு ஊற்றினால் எத்தனை பேர் என்ன சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை உண்டு.

கள் சுவைத்துச் சொல்லப்படாத பானம் அல்ல. சுண்ணாம்பு தடவிய முட்டியில் பதநீராக நிற்பது, தடவாத முட்டியில் மரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிக்கும், பொழுது ஏற ஏறப் புளிக்கும். பனங்கள்ளும் தென்னங்கள்ளும் வேறு. மரத்துக்கு மரம் வேறு என்று பாளை சீவுகிறவர் சொல்வார். எந்த மரம், எந்த வேளை, முட்டி கழுவியதா இல்லையா என்று ஒரு வாயில் சொல்லக்கூடிய நாக்குகள் யாழ்ப்பாணத்திலும் பாலக்காட்டிலும் இன்றும் இருக்கின்றன. ஹான்சனின் தூய ஈஸ்ட்டுக்கு நேர் எதிரான, காற்றிலும் பாளையிலும் உள்ள நூறு உயிர்கள் சேர்ந்து செய்யும் பானம் அது. பெல்ஜியத்தில் அதேபோல் காட்டு ஈஸ்ட்டில் நொதிக்கும் லாம்பிக்குக்கு இந்த நடுவர் கையேட்டில் தனிப்பிரிவே இருக்கிறது, புளிப்புக்கு அங்கே மதிப்பெண் குறைப்பதில்லை.

பெரிய மாமாவின் கேள்விக்கு இதுதான் என் பதில். மார்க் போடுவது ஒரு வேலைதான். செய்தவர் யார், எந்த ஊர், எந்தக் குலம் என்று கேட்காமல், அவர் செய்த பொருள் முன்னால் வாயை மூடிக்கொண்டு கால் மணி நேரம் உட்காரும் வேலை. முடிவில் அடுத்தமுறை எப்படிச் செய்யலாம் என்று இரண்டு வரி எழுதித் தரும் வேலை. கள்ளுக்கு ஒரு நாள் அப்படியொரு படிவம் எழுதப்படுமானால், மணத்துக்கு எத்தனை, புளிப்புக்கு எத்தனை என்று முதல் வரியை எழுத வேண்டியவர் என்னைப் போலக் கையேடு படித்துத் தேர்வெழுதியவர் அல்ல, மரமேறியவர்.